கோழிக்காரர் பள்ளியின் புத்தகங்கள் முட்டையிட்ட கதை

ஆடி மாதத்து முதல் திங்கட்கிழமை காலை, ‘இம்மாதம் வாசிக்க வேண்டிய பத்து நூல்கள்’ என்ற பட்டியலை அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டு, மூன்றாம் வாரம் எடுக்கும் புகைப்படத்துக்காகப் பத்துப் புத்தகங்களை இப்போதே பொறுக்கி வைக்கலாம் என்று கண்ணாடி பீரோவைத் திறந்த நூலகர் கோகிலவாணி, இரண்டாம் தட்டில், கடல் உயிரினங்களைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்துக்கு அடியில், ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் பழைய காகிதத்தின் பழுப்பு நிறத்தில் ஒரு முட்டை கிடப்பதைப் பார்த்தாள். விரல் பட்டதும் அது ஓடு இல்லாத தோல்முட்டை போல உள்வாங்கியது. பிசின் போல ஏதோ ஒட்டிக்கொண்டது. அதைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள், அதன்பின் அன்று முழுவதும் அந்தப் புடவை, மழையில் ஊறிய செய்தித்தாளும் செத்த பல்லியும் சேர்ந்த நாற்றம் அடித்தது.

அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை. குமட்டல்தான் வந்தது. ராசிபுரத்துக்கு மேற்கே இருந்த அந்தக் கருங்கல்மேட்டில், ஆளுக்கு நூறு கோழி வீதம் கோழிகள் இருந்தன, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கோழி எச்சத்தின் காரம் மூக்கில் ஏறியது, முட்டை ஏற்றிய லாரிகள் நாள் முழுக்கப் போய்வந்தன. ஒரு முட்டை ஓரிடத்தில் கிடக்கிறது என்பதற்காக அந்த ஊரில் யாரும் புருவம் தூக்கியதில்லை. கோழி ஏதோ ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது என்று நினைத்து அவள் முட்டையைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டாள். மறுநாள் ஏழு முட்டைகள் கிடந்தன. பீரோ பூட்டியிருந்தது.

அந்தப் பள்ளிக்கு நீளமான ஒரு பெயர் உண்டு, யாரும் அதைச் சொல்வதில்லை. கோழிக்காரர் பள்ளிக்கூடம் என்றால்தான் பஸ் கண்டக்டருக்கே தெரியும். அதைக் கட்டிய தாளாளர் சென்னியப்பன் எட்டாம் வகுப்பில் தவறியவர், முந்நூறு கோழிகளோடு ஆரம்பித்து மூன்று லட்சம் கோழிகளுக்கு வந்தவர், தான் படிக்காத படிப்பையெல்லாம் ஊரார் பிள்ளைகள் படிக்கட்டும் என்று மனதாரவே நினைத்து, பதினான்கு வருடத்துக்கு முன்னால் பண்ணையை ஒட்டிய மேட்டு நிலத்தில் விடுதியோடு பள்ளியைக் கட்டியவர். பிள்ளைகளை அவர் அதட்டியதில்லை. பண்ணையில் கோழிகளைப் பார்த்துக்கொண்டது போலவே அவர்களையும் நேரத்துக்குத் தீனி, நேரத்துக்குத் தண்ணீர், நேரத்துக்கு வெளிச்சம் என்று பார்த்துக்கொண்டார். நூலகத்துக்கென்று நாலாயிரத்து முந்நூறு புத்தகங்களையும் இருபத்திரண்டு கண்ணாடி பீரோக்களையும் வாங்கிப் போட்டார்.

கோகிலவாணி அங்கே பதினோரு வருடமாக இருந்தாள். மாதம் தவறாமல் அவள் வேலைகள் நடந்தன. முதல் வாரம் பரிந்துரைப் பட்டியல். இரண்டாம் வாரம் காலை வணக்கக் கூட்டத்தில் நூல் அறிமுகம். மூன்றாம் வாரம் பத்துப் பிள்ளைகள் கையில் பத்துப் புத்தகங்களைக் கொடுத்து, மார்புக்கு நேராகப் பிடிக்கச் சொல்லி ஒரு படம். படம் எடுத்த கையோடு புத்தகங்களைத் துடைத்து உள்ளே வைத்துப் பூட்டிவிட வேண்டும். கடைசிச் சனிக்கிழமை பெற்றோருக்கான புத்தகக் கூடல், கேசரியும் பஜ்ஜியும் உண்டு. நூலகப் பாடவேளையில் பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அவள் ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்து, முதுகில் மடிப்பு விழுந்து திரும்பக் கொண்டுவந்தபோது, சென்னியப்பன் அதைத் தடவிப் பார்த்து வருத்தப்பட்டார்.

“புஸ்தகம் புதுசாட்டமே இருக்கோணும் அம்மிணி. பாக்க வர்றவங்க என்ன நெனைப்பாங்க?”

அதற்குப் பிறகு அவள் பின்னட்டையை மட்டும் படித்தாள். கொஞ்ச வருடத்தில் அதையும் விட்டாள். ‘எளிய நடையில் எழுதப்பட்ட இந்நூல் ஒவ்வொரு மாணவரும் அவசியம் வாசிக்க வேண்டிய அரிய பொக்கிஷம்’ என்று எந்தப் புத்தகத்துக்கும் எழுதலாம், ‘படிக்கத் தொடங்கினால் கீழே வைக்க மனம் வராது’ என்று எதைப் பற்றியும் மைக்கில் சொல்லலாம், சொன்னால் அறுநூறு பிள்ளைகள் கைதட்டுவார்கள் என்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

ஏழு முட்டைகள் நாற்பதாகி, நாற்பது இருநூறாகிய பிறகு மறைக்க முடியாமல் அவள் தாளாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் பண்ணை மேற்பார்வையாளர் பழனிவேலுவை அழைத்துக்கொண்டு வந்தார். பழனிவேலு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஒரு முட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, சுற்றித் திருப்பிப் பார்த்தார்.

“கருக்கட்டலீங்க. சேவல் சேராத கோழி போடற முட்டையாட்டம். பண்ணையில போடறதும் இப்படித்தானுங்களே.”

“புஸ்தகத்துக்குச் சேவல் எது?” என்று சென்னியப்பன் கேட்டார்.

பழனிவேலுவுக்குத் தெரியவில்லை. அது தெரிந்தாக வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை. கோழிக்காரர்களுக்குத் தெரிய வேண்டியது வேறு. எது நாளுக்கு எத்தனை போடுகிறது, ஓடு கெட்டியா, எடை என்ன. அதையெல்லாம் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அகராதிகள் வாத்து முட்டை அளவுக்குப் போட்டன. படக்கதைகள் காடை முட்டை போட்டன. பொது அறிவுப் புத்தகங்கள் நாளுக்கு இரண்டு போட்டன. கவிதைத் தொகுதிகள் ஓடே இல்லாமல் கொழகொழவென்று தட்டிலேயே விட்டுவிட்டன. பிளாஸ்டிக் உறை பிரிக்காத புத்தகங்கள்தாம் அதிகம் போட்டன, உறைக்குள்ளேயே முட்டை உடைந்து அட்டையோடு ஒட்டி, வெண்கரு மஞ்சளாகி, அதில் சிறு பூச்சிகள் சிக்கி நெளிந்தன. ஓடு கெட்டிப்படட்டும் என்று கோழிகளுக்குப் போடும் கிளிஞ்சல் தூளைத் தட்டுகளில் தூவினார்கள். முட்டையிடும் கோழிகளுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் பீரோவுக்கு ஒரு குண்டு பல்பு மாட்டினார்கள். முட்டையிடுகிறதைத் தொந்தரவு செய்தால் நின்றுவிடும் என்பதால், இனி யாரும் புத்தகங்களைத் தொடக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டினார்கள்.

ஊர் வந்தது. வந்து பார்த்தது, முகர்ந்தது, முகத்தைச் சுளித்தது, ஆளுக்கு இரண்டு வாங்கிக்கொண்டு போனது. உடைத்தால் உள்ளே மஞ்சள்கரு இல்லை, ஈயச் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டியும், அதைச் சுற்றிக் கஞ்சிப் பசை போன்ற வெள்ளையும், அதில் தலைமுடி போலக் கறுப்பாய் நூல்நூலாக எதுவோவும் இருந்தன. கொதிக்க வைத்தால் நாற்றம் குறைந்தது, போகவில்லை. ஆனால் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த ஒருவர், பத்தாம் வகுப்பில் எப்போதும் நூறு வாங்கும் தன் மகன் ஒரு முட்டை தின்றுவிட்டு நூறு வாங்கினான் என்று சொன்னார். அது போதுமாக இருந்தது. பெற்றோர்கள் வரிசையாக வந்து, எங்கள் பிள்ளைக்கும் கொடுங்கள் என்றார்கள்.

சென்னியப்பனின் கண்கள் கலங்கிவிட்டன. “நான் எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள விடிஞ்சு போயிரும். இந்தப் புள்ளைங்களுக்கு அந்தக் கஷ்டமே இல்லை பாருங்க அம்மிணி. ஒரு புஸ்தகம், ஒரு முட்டை. முழுங்கினாச் சரி.”

ஆவணி மாத அறிக்கையில் கோகிலவாணி, வாசிக்கப்பட்ட நூல்கள் என்ற இடத்தில், தின்னப்பட்ட முட்டைகளின் எண்ணிக்கையை எழுதினாள்.

நூலகப் பாடவேளையில் பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள், வாயைத் திறந்தார்கள், முழுங்கினார்கள், கண்ணில் நீர் கோக்கத் தண்ணீர் குடித்தார்கள், வெளியே போனார்கள். ஒருத்தி மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு மௌனிகா. வேதாரண்யத்துப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் மகள், அந்த வருடம்தான் விடுதியில் சேர்ந்தவள், சேர்ந்த நாளிலிருந்தே கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று புத்தகங்களின் முதுகுகளைப் படித்துக்கொண்டிருப்பவள்.

“மிஸ், முட்டை வேணாம். புத்தகத்தக் குடுங்க, படிச்சிட்டுத் தர்றேன்.”

“தொடக்கூடாதுன்னு எழுதிருக்குதில்ல.”

“ஒண்ணே ஒண்ணு. அந்தப் பரிசல் படம் போட்டிருக்கே, அது.”

கோகிலவாணி மூன்று நாள் அவளைச் சும்மா விட்டாள். நாலாம் நாள் தாளாளர் பதிவேட்டைப் பார்த்து, ஒரு பிள்ளைக்கு மட்டும் விடுபட்டிருக்கிறதே, அது பின்தங்கிப் போய்விடாதா, வெளியூர்ப் பிள்ளை, தாய் கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறாள் என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். அன்று கோகிலவாணி முட்டையை உரித்து, மிளகுத்தூள் தூவி, மௌனிகாவை ஜன்னலோரம் அழைத்து உட்காரவைத்து, தலையைத் தடவிக்கொடுத்தாள்.

“மூக்கைப் புடிச்சுக்கிட்டு முழுங்கிடு கண்ணு. மிஸ் சொல்றேன்ல. ஒண்ணும் ஆகாது.”

மிஸ் சொன்னதால் அவள் வாயைத் திறந்தாள். முட்டை தொண்டையில் சிக்கி, கழுத்து ஒருமுறை பாம்புக் கழுத்து போலப் புடைத்து, உள்ளே இறங்கியது. அதன்பின் தினமும் அவளே வரிசையில் வந்து நின்றாள்.

இரண்டாம் வாரம் ஏப்பம் ஆரம்பித்தது. முதலில் காலை வணக்கக் கூட்டத்தில், ஆறாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு நீண்ட ஏப்பம் கிளம்பியது, அதன் வாலில் ஒரு குரல் வந்தது, பிள்ளையின் குரல்தான், ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, ‘வாசிப்போரின் சிந்தனையைத் தூண்டும் இந்நூல்’ என்றது. பக்கத்து வரிசை ஏப்பம் விட்டு, ‘ஒவ்வொரு இல்லத்திலும் இருக்க வேண்டிய அரிய பொக்கிஷம்’ என்று முடித்தது. பிறகு அது நிற்கவில்லை. சாப்பிடும்போதும் விளையாடும்போதும் வகுப்பில் கேள்வி கேட்டாலும் ஏப்பம் வந்தது, ஏப்பத்தோடு பரிந்துரை வந்தது, பரிந்துரையோடு ஊறிய காகிதத்தின், செத்த பல்லியின் நாற்றம் வந்தது. புத்தகங்களின் உள்ளே யாரும் போகாததால் முட்டைகளின் உள்ளேயும் எதுவும் போகவில்லை, பதினோரு வருடமாக அவற்றின் மேல் தூவப்பட்ட அவளுடைய வாக்கியங்கள்தான் போயிருந்தன. பள்ளி முழுக்க எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் கைப்பட எழுதியதைப் பிள்ளைகளின் வயிற்றிலிருந்து, அவர்கள் வாயின் நாற்றத்தோடு கோகிலவாணி கேட்க வேண்டியிருந்தது. அவள் தன் மதியச் சாப்பாட்டை நாய்க்குப் போட ஆரம்பித்தாள்.

ஆவணியின் கடைசிச் சனிக்கிழமை நடந்த புத்தகக் கூடல் போல அந்தப் பள்ளியில் ஒன்று அதுவரை நடந்ததில்லை. அறுநூறு பிள்ளைகள் மேடையிலும் மேடைக்குக் கீழுமாக நின்று, ஒரே நேரத்தில் வயிற்றை உள்ளிழுத்து, ஒரே நேரத்தில் ஏப்பம் விட்டு, ‘படிக்கத் தொடங்கினால் கீழே வைக்க மனம் வராது’ என்றார்கள். முன்வரிசையில் கேசரித் தட்டுகளின் மேல் நாற்றம் ஒரு படலம் போல இறங்கியது. பெற்றோர்கள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, அதே கைக்குட்டையால் கண்ணீரையும் துடைத்துக்கொண்டார்கள். எங்க புள்ள வீட்ல வாயே தொறக்காது, இப்பப் பாருங்க செந்தமிழ் பேசுது என்றார்கள். கோகிலவாணிக்குச் சால்வை போர்த்தினார்கள். அவள் மேடைக்குப் பின்னால் போய்ச் சால்வையைத் தோளிலிருந்து எடுக்காமலே வாந்தி எடுத்தாள்.

புரட்டாசி பிறந்து சில நாட்களில், நூலகத்தில் யாரும் இல்லாத ஒரு மதியத்தில், கண்ணாடி உடையும் சத்தம் கேட்டு அவள் ஓடினாள். மௌனிகா பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பூட்டிய கண்ணாடியைக் கையால் குத்தி உடைத்திருந்தாள். உள்ளங்கையில் கட்டை விரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை பிளந்து, தசை வெள்ளையாகத் தெரிந்து, பிறகு ரத்தம் வந்தது. கோகிலவாணி தலைப்பைக் கிழித்துச் சுற்றினாள்.

“என்ன கண்ணு பண்ணின? எங்கெங்க குத்திருக்கு? சொல்லு.”

பிள்ளை அழுதது. உதடு துடித்தது, சொல்ல முயன்றது தெரிந்தது, தொண்டை ஏறி இறங்கியது. வாயைத் திறந்தபோது ஏப்பம் வந்தது.

“காவிரிக்கரை மக்களின் வாழ்வைக் கண்முன் நிறுத்தும் இந்நூல்,” என்றாள் மௌனிகா, கண்ணீர் கன்னத்தில் வழிய, ரத்தம் முழங்கையில் வழிய, “சமூக அக்கறையுடன் எழுதப்பட்டுள்ளது.”

“வலிக்குதா?”

“விறுவிறுப்பு குறையாமல் இறுதிவரை,” என்றாள், மேலே சொல்ல முடியாமல் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டாள்.

அந்த வாக்கியத்தை எந்தப் புத்தகத்துக்கு எழுதினோம் என்று கோகிலவாணிக்கு நினைவிருந்தது, அந்தப் பரிசல் படம் போட்ட புத்தகத்துக்குத்தான். அதில் காவிரி வருகிறதா என்றே அவளுக்குத் தெரியாது. படத்தில் ஆறு இருந்தது, எழுதிவிட்டாள். கையில் தையல் போட்டுக் கூட்டிவந்து விடுதியின் நோயறைக் கட்டிலில் பிள்ளையைப் படுக்க வைத்த பிறகு, அவள் நூலகத்துக்குத் திரும்பிப் போய், உடைந்த கண்ணாடிக்குள் கையை விட்டு அந்தப் புத்தகத்தை எடுத்தாள். அடியில் சூடாக ஒரு முட்டை இருந்தது. அதைத் தரையில் போட்டு மிதித்தாள். நோயறைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு, முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்தாள்.

அதில் காவிரி இல்லை. பெயரில்லாத ஒரு ஆறு இருந்தது, அது வற்றிய வருடத்தில் பரிசல் ஓட்டும் ஒரு பெண், ஓட்ட இடமில்லாமல் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தாள், மழை பெய்த ஊர்களில் பிள்ளைகள் அதற்குள் வந்து ஒதுங்கினார்கள், ஒரு ஊரில் அவளைத் திருடி என்று கட்டிப் போட்டார்கள். சமூக அக்கறை எதுவும் இல்லை. அவள் பொய் சொன்னாள், ஒரு கிழவரின் ஆட்டைத் திருடவும் செய்தாள். கோகிலவாணிக்குப் பல வருடம் படிக்காத நாக்கு குழறியது. ஐம்பதாம் பக்கத்துக்கு வந்தபோது மௌனிகா எழுந்து உட்கார்ந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், கட்டிலுக்கு வெளியே குனிந்தாள்.

கட்டிலடியில் இருந்த வாளி நிறைந்தது. நனைந்த காகிதக் கூழ் போலச் சாம்பலாக வந்தது, அதற்குள் கறுப்பு நூல்கள் உருண்டையாகப் பின்னிக்கொண்டு வந்தன, ஒரு நூல் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டு வராமல் நீண்டது, கோகிலவாணி விரலால் பிடித்து இழுத்து இழுத்து ஒரு முழத்துக்கு மேல் எடுத்துப் போட்டாள். வாளிக்குள் அது கொஞ்ச நேரம் அசைந்தது. அறையில் நிற்க முடியவில்லை.

“மிஸ்,” என்றாள் மௌனிகா. “கை ரொம்ப வலிக்குது. அம்மாவக் கூப்பிடுங்க.”

மறுநாள் அந்தப் புத்தகம் முட்டை போடவில்லை. அதற்கு மறுநாளும் போடவில்லை. படித்தால் நின்றுவிடும் என்று கோகிலவாணிக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து மதிய இடைவேளையில், வயிற்று வலி என்று சொல்லி வரும் பிள்ளைகளை நோயறையில் உட்காரவைத்து ஒரு நாளைக்கு ஒரு புத்தகமாக, சில நாள் இரண்டாக அவள் படித்தாள். அவர்கள் கேட்டார்கள், சிரித்தார்கள், பிறகு வரிசையாகக் குனிந்தார்கள். வாளிகளை அவளே தூக்கிப் போய்ச் சாக்கடையில் ஊற்றினாள். பள்ளியின் சாக்கடை சாம்பல் நிறத்தில் ஓடி, பண்ணைச் சாக்கடையோடு கலந்து, ஊருக்குள் போனது. கை நகத்துக்குள் கூழ் போய்க் காய்ந்தது, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாமல், தூங்கும்போதும் முகத்தருகே நாறியது. வாந்தி எடுத்த பிள்ளைகள் தங்கள் வாயால் பேசினார்கள். அவர்கள் பேசியது யாருக்கும் இனிக்கவில்லை. சாம்பாரில் உப்பு இல்லை என்றார்கள், கணக்கு சார் கையை முறுக்குகிறார் என்றார்கள், ஞாயிற்றுக்கிழமை போனில் வீட்டுக்குக் கூட்டிப் போ என்று அழுதார்கள். பெற்றோர்கள் பதறிப்போய்த் தாளாளருக்குப் போன் செய்தார்கள். நல்லாப் பேசிக்கிட்டு இருந்த புள்ளைங்க, முட்டை ஒத்துக்கலையாட்ட இருக்குது, பாருங்க என்றார்கள்.

சென்னியப்பன் பழனிவேலுவோடு வந்து பீரோ பீரோவாகப் பார்த்தார். முப்பத்தொரு புத்தகங்கள் போடவில்லை. அவற்றின் முதுகில் மடிப்பு விழுந்திருந்தது, பக்கங்கள் லேசாக விரிந்திருந்தன, ஒன்றில் டீக்கறை இருந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

“சீக்கு விழுந்திருச்சு,” என்றார்.

“சீக்கு இல்லீங்க. படிச்சிருக்குது. படிச்சா நின்னுருதுங்க,” என்றாள் கோகிலவாணி.

“நீங்களா தொட்டீங்க?”

“ஆமாங்க.”

அவர் அவளைத் திட்டவில்லை. “அம்மிணி, நான் ரெண்டு தடவ சீக்குல எல்லாம் போயி நின்னவன். ஒண்ணுக்கு வந்தா ஷெட்டுக்கே வரும். ஒண்ணு மாத்தி ஒண்ணு சாகறதப் பாத்துக்கிட்டு இருக்க என்னால ஆகாது. வெசனப்படாதீங்க, எல்லாத்தையும் கழிச்சுட்டு, மருந்தடிச்சு, புதுசா எறக்கிக்கலாம். நீங்க மட்டும் இனி வரவேண்டாம். உங்க கையில ஒட்டியிருக்கும்.”

முட்டையிட்டு ஓய்ந்த கோழிகளைக் கழிக்கும் லாரி, வியாழக்கிழமை காலை பள்ளிக்கு வந்தது. கூண்டுகளில் இறகும் காய்ந்த எச்சமும் ஒட்டியிருந்தன. ஆட்கள் கோழியைக் காலைப் பிடித்துத் தூக்குவது போல, புத்தகங்களை ஒற்றை அட்டையைப் பிடித்து, கைக்கு நான்காகத் தலைகீழாகத் தூக்கி வந்து கூண்டில் திணித்தார்கள். சில கிழிந்தன. சிலவற்றிலிருந்து திணிக்கும்போதே முட்டை நழுவி விழுந்து ஆட்களின் கால்களில் உடைந்தது, அவர்கள் மண்ணில் காலைத் தேய்த்துவிட்டு அடுத்ததைத் தூக்கினார்கள்.

இனி உள்ளே வரக்கூடாது என்பதால் கோகிலவாணி பள்ளி கேட்டுக்கு வெளியே, பஸ் நிற்கும் இடத்தில் நின்றிருந்தாள். அப்போது உள்ளேயிருந்து, கையில் கட்டோடு மௌனிகாவும், டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்திருந்த ஒரு பெண்ணும் வந்தார்கள். மூன்று வாரமாகியும் கை ஆறவில்லை, வலிக்கிறது என்று மௌனிகா போனில் சொன்னதும் உப்பளத்திலிருந்து அப்படியே புறப்பட்டு வந்த அவள் அம்மா வேதவல்லி. குதிகாலில் உப்பு கடித்த வெடிப்புகள் இருந்தன.

“நீங்கதான் லைப்ரரி டீச்சரா?” என்று வேதவல்லி கேட்டாள். “பாப்பா சொல்லிச்சி.”

“ஆமாங்க.”

வேதவல்லி பெட்டியை இறக்கி வைத்தாள். “போன்ல அது பேசுனது ஒண்ணும் எனக்கு வெளங்கல. பொக்கிஷம் அது இதுன்னு பெரிய பெரிய வார்த்தையாப் பேசுது, எம்மவ எப்புடிப் பேசுறா பாருங்கன்னு உப்பளத்துல எல்லார்கிட்டயும் ஸ்பீக்கர்ல போட்டுக் காட்டுனேன். அது வலின்னு சொல்ல முடியாமக் கெடந்துருக்கு. நான் பெருமையா நின்னுருக்கேன்.”

கோகிலவாணி அவளை ஆறுதல்படுத்தியிருக்கலாம். வாயைத் திறந்தபோது தன் கையின் நாற்றமே தனக்கு முகத்தில் அடித்தது.

“அந்த வார்த்தையெல்லாம் நான் எழுதினதுங்க,” என்றாள். “எதையும் படிக்காம எழுதினது. உங்க பொண்ணு முட்டை வேண்டாம்னுதான் சொல்லுச்சு. நாந்தான் தலையத் தடவி ஊட்டிவிட்டேன்.”

வேதவல்லி அவளைப் பார்த்தாள். கெட்டுப்போன எதையோ பார்ப்பது போலப் பார்த்தாள். மகளின் நல்ல கையைப் பிடித்து இழுத்து, அவளைத் தன் மறுபக்கத்துக்கு மாற்றி நிறுத்திக்கொண்டாள்.

லாரி கேட்டைத் தாண்டி வந்து நின்றது. டிரைவர் கூண்டுகளின் கயிற்றை இறுக்க இறங்கினார். கோகிலவாணி அவரிடம் போய், கொஞ்சம் புத்தகங்களை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

“எல்லாத்தையுமா?”

“படிச்சதை மட்டும். முப்பத்தொண்ணு.”

“கழிச்சதுதானே, எடுத்துக்குங்க. சீக்கிரம்.”

அவள் கூண்டுகளுக்குள் கையை விட்டு, எச்சத்துக்கும் உடைந்த கருவுக்கும் நடுவே துழாவி, மடிப்பு விழுந்த முதுகுகளாகத் தேடித் தேடி எடுத்தாள். இருபத்தாறுதான் கிடைத்தன. டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் கைக்கு அகப்பட்ட, உறை பிரிக்காத ஒன்றையும் இழுத்துக்கொண்டு விலகினாள். லாரி கிளம்பியது. மீதிப் புத்தகங்கள் கூண்டுக்குள் குலுங்கிக்கொண்டே முட்டையிட்டன, முட்டைகள் கம்பி இடுக்கு வழியாகச் சாலையில் விழுந்து உடைந்தன, சில உடையாமல் உருண்டன. நாய்கள் ஓடிவந்து முகர்ந்து பார்த்துவிட்டு, தும்மிக்கொண்டு திரும்பிப் போயின. பிறகு வீடுகளிலிருந்து மனிதர்கள் தூக்குப் போசிகளோடு வந்தார்கள். மூக்கைப் புடவையாலும் துண்டாலும் கட்டிக்கொண்டு, உடையாததைப் பொறுக்கினார்கள், உடைந்ததைக் கரண்டியால் வழித்தார்கள், எங்க பேரனுக்கு, எங்க பாப்பாவுக்கு என்று ஒருவரையொருவர் முந்திக்கொண்டு லாரிக்குப் பின்னால் மெயின் ரோடு வரைக்கும் போனார்கள்.

கோகிலவாணி பஸ் நிறுத்தத்தின் சிமென்ட் பலகையில் உட்கார்ந்தாள். தாயும் மகளும் அதன் மறுகோடியில் இருந்தார்கள். அவள் கடைசியாக எடுத்த புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள், வெண்கரு உதட்டில் பட்டது, துப்பினாள். ஒட்டியிருந்த பக்கங்களை நகத்தால் பிரித்தாள். பின்னட்டையைப் பார்க்காமல் முதல் பக்கத்தைத் திறந்து, உதடு மட்டும் அசையப் படிக்கத் தொடங்கினாள்.

“மிஸ்,” என்று மறுகோடியிலிருந்து மௌனிகா சொன்னாள். “சத்தமாப் படிங்க.”

வேதவல்லி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. கோகிலவாணி படித்தாள். குரல் கம்மியிருந்தது. முதலிரண்டு பக்கங்கள் சலிப்பாக இருந்தன, அதையும் அவள் சொன்னாள். சொல்லிவிட்டு மேலே படித்தாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு குடும்பம் ஒரு வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தது, யாரோ ஒருவரை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது ஐந்தாம் பக்கத்தில் தெரிந்தது, யாரை என்பது இன்னும் தெரியவில்லை. சாலையில் நாற்றம் வெயிலில் ஏறிக்கொண்டிருந்தது. பதினொன்றாம் பக்கம் வந்தபோது பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, மூக்கைப் பொத்தியபடி, ஏறுங்க ஏறுங்க என்றார்.

வேதவல்லி எழுந்திருக்கவில்லை. கோகிலவாணியின் பக்கம் முகத்தைத் திருப்பாமலே கண்டக்டரிடம் சொன்னாள்.

“நீங்க போங்க. நாங்க அடுத்த பஸ்ஸுல வர்றோம்.”